சின்ன மேடையில் பேஸ் கிட்டார்: எத்தனை வாட் போதும்?

நாற்பது நாற்காலி போட்ட காபிக் கடையில் ஒரு மாலைக் கச்சேரி. மறுநாள் தேவாலயத்தில் வாலிபர் கூடுகை. அடுத்த வாரம் 200 பேர் உட்காரும் மண்டபத்தில் கல்யாண ரிசப்ஷன். மூன்றுக்கும் ஒரே ஆம்பை (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டியை) தூக்கிக்கொண்டு போகிற பேஸிஸ்டுக்கு ஓரிடத்தில் தான் வாசிப்பது தனக்கே கேட்காது. இன்னோரிடத்தில், ‘பேஸைக் கொஞ்சம் குறைங்க தம்பி’ என்று சவுண்டுக்காரர் மூன்று தடவை வந்து சொல்லிவிட்டுப் போவார். ஆம்ப் மாறவில்லை, வாட் மாறவில்லை, வாசிக்கிற கையும் மாறவில்லை.

கடையில் எல்லோரும் முதலில் கேட்பது ‘எத்தனை வாட்?’ என்றுதான். அதற்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: இந்த ஆம்ப் யார் காதுக்கு? வாசிப்பவர் தன்னைத் தானே கேட்பதற்கு மட்டுமா, மேடையில் இருக்கும் நாலைந்து பேருக்குமா, கூடம் முழுவதற்குமா? முதல் வகைக்கு 50 வாட்டே தாராளம். மூன்றாம் வகைக்கு 500 வாட்கூடச் சில இடங்களில் திணறும். இதைத் தீர்மானிக்காமல் வாட்டை எண்ணி வாங்கியவர்கள்தான் ஆறு மாதத்தில் அதே ஆம்பை விற்பனைக்கு வைக்கிறார்கள்.

வாட் கணக்கு எங்கே ஏமாற்றுகிறது

சக்தியை இரண்டு மடங்காக்கினால் ஒலி அளவு 3 டெசிபல்தான் கூடும். 3 டெசிபல் என்பது கவனித்துக் கேட்டால் தெரிகிற வித்தியாசம், அவ்வளவுதான். காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும்; அதற்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும். அதாவது 30 வாட் ஆம்பைவிட இரட்டிப்புச் சத்தமாகக் கேட்க 300 வாட். 250 வாட்டை விற்றுவிட்டு 500 வாட் வாங்குபவர் பணத்தைக் கொட்டி வாங்குவது அந்த 3 டெசிபலைத்தான்.

அதே 3 டெசிபலை, ஏன் 6 டெசிபலையும், ஸ்பீக்கர் பெட்டியை மாற்றி எடுத்துவிடலாம். பெட்டியின் சென்சிடிவிட்டி என்று ஓர் எண் போட்டிருப்பார்கள்: 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது அது. 94 டெசிபல் பெட்டிக்கு 400 வாட் ஊட்டினால் வருகிற சத்தம் 100 டெசிபல் பெட்டிக்கு 100 வாட்டிலேயே வந்துவிடும். இந்த எண்ணைப் பார்க்காமல் வாட்டை மட்டும் ஒப்பிடுவது, மைலேஜ் கேட்காமல் பெட்ரோல் டேங்க்கின் கொள்ளளவை வைத்து வண்டி வாங்குவது மாதிரி.

இன்னொரு பொடி விஷயம். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட், பெரும்பாலும் அந்த ஆம்ப் தாங்கக்கூடிய மிகக் குறைந்த ஓமில் (ஸ்பீக்கர் பெட்டியின் மின்தடை அளவு அது) அளந்தது. ஃபெண்டர் ரம்பிள் 500 காம்போவை (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருந்தால் அது காம்போ) எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் இரண்டு 10 அங்குல ஸ்பீக்கரோடு மட்டும் ஓட்டினால் 350 வாட். கூடுதலாக 8 ஓம் பெட்டி ஒன்றைச் சேர்த்தால்தான் பெயரில் இருக்கும் 500. இது ஏமாற்று வேலை இல்லை, தயாரிப்பாளரே தெளிவாக எழுதியிருக்கிறார். படிக்காமல் வாங்குபவர்கள்தான் அதிகம்.

காது செய்கிற அநியாயம்

பேஸ் கிட்டாரின் திறந்த ஈ கம்பி 41.2 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஏ கம்பி 55, டி 73.4, ஜி 98. ஐந்து கம்பி பேஸின் பி கம்பி 31 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். மனிதக் காது இந்தப் பக்கத்தில் மந்தம். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-ல் வெளியிட்ட வளைகோடுகள் முதல் இன்றைய சர்வதேசத் தரம் வரை எல்லாம் சொல்வது ஒன்றே: 1000 ஹெர்ட்ஸில் 80 டெசிபலாகக் கேட்கும் ஒரு சத்தத்துக்கு 40 ஹெர்ட்ஸில் ஈடு கொடுக்கச் சுமார் 105 டெசிபல் தேவை. அந்த 25 டெசிபல் இடைவெளியைச் சக்தியாகக் கணக்கிட்டால் 300 மடங்குக்கு மேல். எலக்ட்ரிக் கிட்டார்காரர் 15 வாட் வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்பை வைத்துக்கொண்டு ஊரையே எழுப்ப, பக்கத்தில் 100 வாட் பேஸ் ஆம்ப் பரிதாபமாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இதே வளைகோடுகளுக்குள் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. மெதுவான சத்தத்தில் அந்த இடைவெளி இன்னும் பெரிது, 40 டெசிபலுக்கும் மேல் போகும். சத்தம் கூடக் கூட இடைவெளி சுருங்குகிறது. வீட்டில், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து மெதுவாக வாசிக்கும்போது லோ (கீழ்ச்சுருதி) குமிழை 3 மணி நிலைக்குத் திருகினால்தான் ‘நிறைவாக’ இருக்கும். அதே அமைப்போடு மேடைக்குப் போய் வால்யூமை ஏற்றினால் கீழ்ச்சுருதி மற்ற எல்லாவற்றையும்விட வேகமாகப் பெருகி, கூடம் முழுவதும் குமுறும். எனவே வீட்டு ஈக்யூவை (சுருதிப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களின் அமைப்பை) வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். மேடையில் எல்லாக் குமிழும் 12 மணியில் தொடங்கட்டும்.

ஆனால் காது நமக்கு ஓர் உபகாரமும் செய்கிறது. 41 ஹெர்ட்ஸ் அடிப்படை அதிர்வு சரியாக வராவிட்டாலும் அதன் மடங்குகளான 82, 123, 165 ஹெர்ட்ஸ் தெளிவாக வந்தால் போதும். மூளை அடிச்சுருதியைத் தானே நிரப்பிக்கொள்ளும். சின்ன காம்போக்கள் பிழைப்பதே இதனால்தான். பேஸ் ‘கேட்கிறது’ என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு 80 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான வேலை.

ஸ்பீக்கரின் பரப்பு

கீழ்ச்சுருதி என்பது காற்றைத் தள்ளுகிற வேலை. சுருதி ஓர் ஆக்டேவ் கீழே போனால், அதே சத்தத்துக்குக் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போக வேண்டும். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சாதாரண 10 அங்குல ஸ்பீக்கரின் பயன்படும் பரப்பு சுமார் 340 சதுர சென்டிமீட்டர். அது ஒழுங்காக நகரக்கூடிய தூரம் ஒரு பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மூடிய பெட்டியில், தரையில் வைத்த நிலையில், 41 ஹெர்ட்ஸில் 1 மீட்டர் தள்ளி அதிகபட்சம் 98 டெசிபல் வரும். அதற்கு மேல் 1000 வாட் ஊட்டினாலும் வருவது சத்தம் இல்லை, கோன் ‘படபட’வென்று அடிபடும் ஓசை. அதே ஸ்பீக்கர் 82 ஹெர்ட்ஸில் 110 டெசிபல் கொடுக்கும். இரண்டு 10 அங்குலம் போட்டால் இந்த வரம்பு 6 டெசிபல் உயரும். ஒரு 15 அங்குலம் (சுமார் 850 சதுர சென்டிமீட்டர்) அதே நகர்வில் 8 டெசிபல் உயர்த்தும்.

கேஎல்ஹெச் ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹாஃப்மன் பெயரில் ஒரு விதியே இருக்கிறது: சின்னப் பெட்டி, ஆழமான கீழ்ச்சுருதி, குறைந்த சக்தியில் அதிகச் சத்தம். இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். ‘கையில் தூக்கலாம், பூமி அதிரும், 50 வாட் போதும்’ என்று விளம்பரம் சொன்னால் அதில் ஏதோ ஒன்று பொய்.

பழைய காலம் இதைப் பெட்டியின் உருவத்தால் தீர்த்தது. 1960-ல் வந்த ஆம்பெக் பி-15 வெறும் 25 வாட்தான். ஆனால் 15 அங்குல ஸ்பீக்கர், அதற்கேற்ற பெட்டி. கிளப்புகளுக்கும் ஸ்டுடியோக்களுக்கும் அது போதுமானதாக இருந்தது. மேடைகள் பெருத்தபோது அதே நிறுவனம் 1969-ல் எஸ்விடி கொண்டுவந்தது: 300 வாட் வால்வ் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்), எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட அலமாரி. பின்னால் வந்த அந்த வகைப் பெட்டி ஒன்றே 63 கிலோ. மாடிப்படி ஏறி ரிசப்ஷன் மேடைக்கு அதைக் கொண்டுபோக நான்கு பேர் வேண்டும், நல்ல முதுகு உள்ளவர்களாக. இன்றைக்கு கிளாஸ் டி என்ற இலகுவான வகை ஆம்பும் நியோடிமியம் காந்தமும் வந்தபின் 300 வாட் ஹெட் 2 கிலோவுக்குள் கிடைக்கிறது. ஆம்ப் இலகுவாகிவிட்டது, காற்றின் இயற்பியல் மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் பையில் அடங்கும் 800 வாட் ஹெட்டை வாங்கி அதை ஒற்றை 8 அங்குலப் பெட்டியில் மாட்டுவதில் அர்த்தம் இல்லை.

எந்தக் கச்சேரிக்கு எவ்வளவு

காபிக் கடை, புத்தக வெளியீடு, வீட்டு மாடி: அக்கூஸ்டிக் கிட்டார், கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் பெட்டி), ஒரு குரல், கேட்பவர்கள் 30 முதல் 50 பேர். 40 முதல் 100 வாட் காம்போ, ஒரு 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர். ஃபெண்டர் ரம்பிள் 100 மாதிரியான 12 அங்குலக் காம்போ 10 கிலோதான். ஒரு கையில் ஆம்ப், தோளில் கிட்டார் என்று ஒரே நடையில் முடிந்துவிடும். இங்கே சத்தம் போதாமல் போவது அபூர்வம். போதவில்லை என்று தோன்றினால் கஹோன்காரர் ஓங்கி அடிக்கிறார் என்று பொருள்.

நிஜ டிரம்ஸ் வந்ததும் கணக்கு தலைகீழ். டிரம்ஸுக்கு வால்யூம் குமிழ் கிடையாது. சாதாரணமாக வாசித்தாலே அருகில் 100 டெசிபலைத் தாண்டும். டிரம்ஸ், ஒன்றிரண்டு எலக்ட்ரிக் கிட்டார், பிஏ-வில் (கூடத்துக்கான ஒலி அமைப்பில்) குரல் மட்டும், கேட்பவர்கள் 80 முதல் 150 பேர் என்றால் கூடம் முழுவதற்கும் பேஸ் கொடுக்க வேண்டியது உங்கள் ஆம்ப்தான். இதற்கு 250 முதல் 500 வாட். ஸ்பீக்கர் குறைந்தது இரண்டு 10 அங்குலம், இல்லையென்றால் ஒரு நல்ல 15, அல்லது இரண்டு 12. 100 வாட்டை வைத்துச் சமாளிக்கப் பார்த்தால், ஆம்ப் எந்நேரமும் உச்சத்தில் ஓடும். பேஸை விரலால் சுண்டும்போது அந்த முதல் கணத் துடிப்பு சராசரி ஒலியைவிட 10 டெசிபலுக்கு மேல் எகிறும். சராசரிக்கு 30 வாட் போதும் என்கிற இடத்தில் அந்தத் துடிப்புக்கு 300 வாட் கேட்கும். அந்தக் கூடுதல் சக்தி இல்லாவிட்டால் துடிப்பு மழுங்கி, பேஸ் உயிரில்லாமல் ‘மொத்மொத்’தென்று ஒலிக்கும். கூடுதல் வாட்டின் உண்மையான பயன் இதுதான்.

நம் ரிசப்ஷன் மெல்லிசை மேடை தனி ரகம். ரிதம் பேடின் கிக்கும், டோலக்கின் இடதுபக்கமும், கீபோர்டுக்காரரின் இடக்கையும் எல்லாம் ஒரே பிஏ-வில், எல்லாம் 50 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள் முட்டிமோதும். பேஸிஸ்ட் இருக்கும்போது கீபோர்டின் இடக்கை சும்மா இருக்க வேண்டும் என்று ஒத்திகையிலேயே பேசிவிட்டால் 200 வாட் மிச்சம். அது நடக்காத குழுவில் 500 வாட் ஆம்பும் சேற்றில்தான் ஓடும்.

திறந்தவெளியை ஆம்பை நம்பி ஒப்புக்கொள்ளக் கூடாது. சுவர் இல்லாத இடத்தில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் கழன்றுபோகும். திருப்பி அனுப்பக் கூரையும் இல்லை. கூடத்தில் சிம்மமாக இருந்த, இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட காம்போ மைதானப் பந்தலில் பூனைக்குட்டி. அங்கே சப்வூஃபரோடு (கீழ்ச்சுருதிக்கான தனிப் பெட்டியோடு) பிஏ கேளுங்கள், இல்லையென்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பிஏ-வில் பேஸ் போகும்போது

சப்வூஃபர் உள்ள பிஏ, கூடவே அதை ஓட்டத் தெரிந்த ஆள். இரண்டும் இருந்தால் மேடை ஆம்புக்கு மானிட்டர் வேலை (மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்கச் செய்வது) மட்டும்தான். 100 வாட் காம்போ போதும். காதில் மாட்டும் மானிட்டர் இருந்தால் அதுவும் வேண்டாம். இந்த நிலையில் மேடை ஆம்பைப் பெரிதாக வைப்பது தப்பு மட்டுமில்லை, கெடுதலும்கூட. கீழ்ச்சுருதிக்குத் திசை கிடையாது. மேடையிலிருந்து கசியும் பேஸ் கூடத்தில் கலந்து, மிக்ஸரில் குறைத்தாலும் குறையாது. ‘பேஸைக் குறைங்க தம்பி’ என்ற குரல் வருவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். அவர் மிக்ஸரில் பேஸை முழுவதும் மூடிவிட்டுத்தான் உங்களிடம் வந்திருப்பார்.

மிக்ஸருக்குப் போகும் வழி டிஐ: கிட்டாரின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றித் தரும் இணைப்பு. ஆம்பின் பின்னால் எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிளின் மூன்று பின் இணைப்பு) டிஐ இருந்தால் நேரே கேபிள். அதில் ‘ப்ரீ / போஸ்ட்’ (ஈக்யூவுக்கு முன் / பின்) என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ப்ரீயில் வையுங்கள். போஸ்டில் வைத்தால், பாட்டு நடுவில் மேடைக்காக நீங்கள் லோவைத் திருகும் ஒவ்வொரு முறையும் கூடத்து ஒலியும் சேர்ந்து மாறும். ஆம்பில் டிஐ இல்லையென்றால் தனி டிஐ பாக்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும். பாஸிவ் (பேட்டரி இல்லாத) பிக்கப் உள்ள பேஸுக்கு உள்ளீட்டு மின்மறுப்பு 1 மெகா ஓம் அளவில் இருக்கும் ஆக்டிவ் டிஐ நல்லது. மிக்ஸர் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரத்திலேயே அதில் பல ஓடும். கிட்டாரை டிஐ இல்லாமல் மிக்ஸரின் லைன் ஓட்டைக்குள் செருகினால் மேல்சுருதி சுருண்டு, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல இருக்கும்.

சப் இல்லாத பிஏதான் சின்ன மண்டபங்களில் அதிகம்: ஸ்டாண்டில் இரண்டு 12 அல்லது 15 அங்குலப் பெட்டிகள். அதில் முழு பேஸையும் ஏற்றினால், 50 ஹெர்ட்ஸுக்காக முன்னும் பின்னும் ஆடுகிற அதே கோன்தான் பாடகரின் குரலையும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பேஸ் அடிக்கும் குரல் நடுங்கும். இந்த இடத்தில் வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மிக்ஸரில் பேஸ் சேனலுக்கு 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் வடிகட்டி) போட்டு, மேலே உள்ளதைக் கொஞ்சமாகக் கூடத்துக்கு அனுப்பினால் கடைசி வரிசைக்கு ‘என்ன நோட்’ என்பது தெரியும். கீழ்ப்பகுதியை மேடை ஆம்ப் பார்த்துக்கொள்ளும். பேஸை முழுவதும் பிஏ-வில் போட்டால்தான் ‘புரொஃபஷனல்’ என்று நினைக்கும் சவுண்டுக்காரரிடம் இதை எடுத்துச் சொல்வதற்குள் மாப்பிள்ளை மேடைக்கு வந்துவிடுவார். சவுண்ட் செக்கிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கூடமும் ஒரு வாத்தியம்

பேஸ் அலை ‘உருவாக’ 8 மீட்டர் தூரம் வேண்டும், அதனால்தான் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்பதில்லை என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. 41 ஹெர்ட்ஸின் அலைநீளம் 8.3 மீட்டர் என்பது உண்மை. ஆனால் காதுக்குள் செருகும் இயர்போனில் பேஸ் கேட்கிறதே! வாசிப்பவருக்குக் கேட்காததற்குக் காரணம் சாதாரணமானது: ஆம்ப் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது, அவர் அரை மீட்டர் தள்ளி நிற்கிறார். நோட்டை அடையாளம் காட்டும் நடு, மேல்சுருதிகள் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே குறுகலாகப் போகும். அவை கணுக்காலுக்குப் பாடிவிட்டு, ஐந்து மீட்டர் தள்ளி முதல் வரிசைக்காரரின் முகத்தில் அறைகின்றன. ஆம்பை ஒரு உறுதியான ஸ்டூலில் ஏற்றுங்கள், அல்லது பின்பக்கமாகச் சாய்த்து வையுங்கள். பாதி வால்யூமில் இரட்டிப்பாகக் கேட்கும். மரப்பலகை மேடை என்றால் இதில் இன்னொரு லாபம்: உள்ளே வெற்றிடமான பலகை ஆம்பின் அதிர்வை வாங்கித் தானும் குமுறுவது பெருமளவு நின்றுவிடும்.

சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. பின்சுவருக்கு 1 மீட்டர் முன்னால் ஆம்ப் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 86 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நேர் அலையை அடித்துவிடும். ஈ கம்பியின் ஆக்டேவும், அதை ஒட்டிய ஓரிரு நோட்டுகளும் காணாமல் போகும். நீங்கள் எவ்வளவு லோ ஏற்றினாலும் திரும்பி வராது. ஆம்பைச் சுவரோடு ஒட்டி, 20 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்தால் அந்தப் பள்ளம் 400 ஹெர்ட்ஸுக்கு மேலே ஓடிவிடும். அங்கே அதன் பாதிப்பு குறைவு. கூடவே சுவர் கொடுக்கும் ஆதரவில் கீழ்ச்சுருதியும் கூடும். காசு செலவில்லாத வாட் இது. மூலையில் வைத்தால் இன்னும் கூடும். ஆனால் கான்கிரீட் மூலை அளவுக்கு மீறிக் கொடுக்கும். குமுறல் தொடங்கினால் ஓரடி வெளியே இழுங்கள்.

10 அடி உயரக் கூரை உள்ள அறைக்கு அதன் சொந்தச் சுருதி 56 ஹெர்ட்ஸ். பேஸின் திறந்த ஏ கம்பி 55. எனவே அந்த அறையில் ஏ நோட்டும் பி ஃப்ளாட்டும் மட்டும் ஊதிப் பெருத்து வரும். வாசிப்பவர் கை கோணலோ என்று சந்தேகப்படுவார். எதிரெதிர்ச் சுவர்கள் 4 மீட்டர் என்றால் 43 ஹெர்ட்ஸ், ஈ–எஃப் பக்கம். கண்டுபிடிக்க ஒரு வழி: சவுண்ட் செக்கில் ஈ கம்பியில் திறந்த நோட்டிலிருந்து ஏழாவது ஃப்ரெட் வரை ஒரே பலத்தில், நோட்டுக்கு இரண்டு விநாடி, மெதுவாக ஏறுங்கள். எது எகிறுகிறதோ அந்த நோட்டின் ஹெர்ட்ஸைப் பார்த்து, குறுகலான ஈக்யூவில் 4 முதல் 6 டெசிபல் வெட்டுங்கள். 6 மீட்டர் கேபிள் இருந்தால் வாசித்துக்கொண்டே கூடத்துக்குள் இறங்கி நடந்து கேட்பது அதைவிட நல்லது. இதைக் காலிக் கூடத்தில் செய்கிறோம் என்பது நினைவிருக்கட்டும். ஆட்கள் நிரம்பியதும் நடு, மேல்சுருதிகளை உடைகளும் உடல்களும் உறிஞ்சும்; கீழ்ச்சுருதியை அவ்வளவாகத் தொடாது. ஆகவே கூட்டம் வந்தபின் பேஸ் மங்கினால் கூட்ட வேண்டியது மிட் (நடுச்சுருதிக் குமிழ்), மாஸ்டர் (மொத்தச் சத்தக் குமிழ்) அல்ல.

குமிழ்களும் வடிகட்டியும்

மேடையில் ‘கேட்கவில்லை’ என்றதும் கை தானாக லோ குமிழுக்குப் போகிறது. லோவை 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு ஆம்ப் நான்கு மடங்கு சக்தி கொட்ட வேண்டும். 100 வாட் ஆம்ப் அந்தப் பகுதிக்கு 25 வாட் ஆம்பாகிவிடும். 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் ஏற்றிப் பாருங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவதுபோல அசிங்கமாகத்தான் இருக்கும். குழுவோடு சேரும்போது அதுதான் ஒவ்வொரு நோட்டையும் வரைந்து காட்டும். லோவும் ஹையும் ஏற்றி மிட்டைக் குழிப்பது வீட்டில் இனிக்கும், மேடையில் காணாமல் போகும். 200 முதல் 300 ஹெர்ட்ஸ் பகுதி சேறு. கீபோர்டும் அக்கூஸ்டிக் கிட்டாரும் அங்கேதான் குவியும், ஒரு சிட்டிகை வெட்டினால் இடம் பிறக்கும்.

ஹைபாஸ் ஃபில்டரை பேஸிஸ்டுகள் விரோதியாகப் பார்க்கிறார்கள். சின்ன மேடையில் அதைவிடப் பெரிய நண்பன் இல்லை. துளை வைத்த பெட்டிகள் ஒரு குறிப்பிட்ட சுருதிக்குச் சரிசெய்யப்பட்டவை. சின்னக் காம்போக்களில் அது பெரும்பாலும் 45 முதல் 60 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே கோனைத் தடுத்துப் பிடிக்கக் காற்று இல்லை, வெறுமனே துள்ளும். சத்தம் வராது, சக்தி மட்டும் வீணாகும், ஸ்பீக்கர் கிழியும். 35 முதல் 45 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் போட்டால் ஒலி மெலிந்ததாகக்கூடத் தெரியாது. ஆனால் அதே காம்போவில் இன்னும் கொஞ்சம் வால்யூம் ஏற்ற இடம் கிடைக்கும். ஐந்தாவது பி கம்பிக்காகப் பயப்பட வேண்டாம். அதன் 31 ஹெர்ட்ஸை அந்தப் பெட்டி என்றைக்குமே கொடுத்ததில்லை.

கெய்ன் (ஆம்புக்குள் வரும் சிக்னலின் அளவு) வைப்பது எளிது. மாஸ்டரைக் குறைத்துவிட்டு, பாட்டில் எவ்வளவு பலமாக அடிப்பீர்களோ அவ்வளவு பலமாக அடித்து, கிளிப் (அளவு மீறலைக் காட்டும்) விளக்கு எப்போதாவது ஒரு முறை கண்சிமிட்டும் வரை கெய்னை ஏற்றுங்கள். ஆக்டிவ் (பேட்டரி உள்ள) பேஸ் என்றால், உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் ‘பேட்’ சுவிட்சை அழுத்திவிட்டுத் தொடங்குங்கள். பிறகு சத்தத்துக்கு மாஸ்டரை மட்டும் தொட்டால் போதும்.

ஓம், கேபிள், எர்த்

இரண்டு 8 ஓம் பெட்டிகளை வழக்கமான முறையில் இணைத்தால் 4 ஓம். இரண்டு 4 ஓம் பெட்டிகள் 2 ஓம். ஆம்பின் பின்னால் ‘குறைந்தபட்சம் 4 ஓம்’ என்று போட்டிருந்தால் 2 ஓமில் ஓட்டக் கூடாது. நல்ல நேரமாக இருந்தால் ஆம்ப் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், கெட்ட நேரமானால் வெளியேற்று டிரான்சிஸ்டர் போய்விடும். அதனால் முதல் பெட்டி வாங்கும்போதே 8 ஓம் வாங்குவது புத்திசாலித்தனம்: இன்றைக்குச் சின்ன இடத்துக்கு ஒன்று, நாளைக்குப் பெரிய இடத்துக்கு அதே மாதிரி இன்னொன்று. இரண்டாவது பெட்டி சேரும்போது ஸ்பீக்கர் பரப்பும் இரட்டிக்கும், ஆம்ப் தரும் சக்தியும் கூடும். இரண்டும் சேர்ந்து 5, 6 டெசிபல் வரை ஏறும். வேறு வழியில் இதை வாங்க நான்கு மடங்கு வாட் வேண்டும். வால்வ் ஆம்புக்கு விதி வேறு: பெட்டி இணைக்காமல் அதை இயக்கவே கூடாது.

ஹெட்டிலிருந்து பெட்டிக்குக் கிட்டார் கேபிளைப் போடுவது அடிக்கடி நடக்கும் தப்பு. இரண்டு முனையும் ஒரே ஜாக்தான், செருகினால் செருகும். ஆனால் உள்ளே இருக்கும் கம்பி மயிரிழை. சக்தி அதிலேயே வீணாகி, சூடேறி, பாதிக் கச்சேரியில் உருகி ஷார்ட் ஆகும். ஸ்பீக்கான் முனையுள்ள ஸ்பீக்கர் கேபிளை மட்டும் பயன்படுத்தினால் இந்தக் குழப்பமே வராது.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் மூலம் ஆம்ப் வரவழைப்பவர்கள் பின்பக்கத் தகட்டைப் படிக்க வேண்டும். சில கிளாஸ் டி ஆம்புகள் 100 முதல் 240 வோல்ட் வரை தாமே சமாளிக்கும். சிலவற்றில் சுவிட்ச் மாற்ற வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டதாக இருந்தால் நம் 230 வோல்ட்டில் முதல் நொடியே கடைசி நொடி.

ஹம் (ஸ்பீக்கரில் விடாமல் கேட்கும் மின் முனகல்) வந்தால் சிலர் மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுகிறார்கள். ஹம் நிற்கும். கம்பியில் கை, உதட்டில் மைக் என்று பின்பாட்டும் பாடுகிற பேஸிஸ்ட், ஜெனரேட்டரில் ஓடும் மண்டபத்தில் அதற்குக் கொடுக்கும் விலை உயிராக இருக்கலாம். டிஐ-யில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்ச் இருப்பது இதற்காகத்தான். அது எக்ஸ்எல்ஆரின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும், மின்சாரப் பாதுகாப்பைத் தொடாது. முடிந்தால் ஆம்பையும் மிக்ஸரையும் ஒரே லைனிலிருந்து எடுங்கள், பாதி ஹம் அதிலேயே போய்விடும். அலங்கார விளக்கும் டிம்மரும் ஓடுகிற பலகையிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள்.

கிளாஸ் டி ஆம்ப் பாதியில் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது அதன் மின்விசிறித் துளை. மேடைக்குப் பின்னால் தொங்கும் வெல்வெட் திரை அதை மூடியிருக்கும். திரையை ஒதுக்கி, ஐந்து நிமிடம் ஆறவிட்டால் பெரும்பாலும் தானே எழுந்துகொள்ளும். அந்த ஐந்து நிமிடத்துக்குக் கேபிளை ஆம்பிலிருந்து உருவி, பையில் உள்ள டிஐ பாக்ஸில் செருகி, எக்ஸ்எல்ஆரை அதற்கு மாற்றிக்கொடுத்துவிட்டு, பாடகரின் மானிட்டரில் கொஞ்சம் பேஸ் கேட்டுவிடலாம்.